கொங்குச் சீமையிலிருந்து கரடி உலவும் பனிமலைக்கு: ஐந்து நாள் முதுகுப்பை நடைக்குத் தயாராவது எப்படி?

கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கரடி புதிய விலங்கு அல்ல. தாளவாடியில் கேட்டால் ஒரு கதை, பர்கூரில் கேட்டால் இன்னொரு கதை, ஆனைமலைப் பக்கம் போனால் ஊருக்கு நாலு கதை கிடைக்கும். மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரிக்கு ஏறினால், விளக்கில் ஊற்றிய எண்ணெய்க்காகக் கரடி கோவிலுக்குள் புகுந்த சேதி வருடா வருடம் காதில் விழும். 'சிவபூஜையில் கரடி' என்ற பழமொழியில் வருவது ஒரு வாத்தியம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். கோத்தகிரிக்காரர்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இவ்வளவு பழகியிருந்தும், இமயமலைக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாலைந்து நாள் நடக்கப் போகும் நம்மூர் ஆட்கள் கரடியைப் பற்றி யோசிப்பதே இல்லை. குளிரைப் பற்றி யோசிக்கிறார்கள், ஷூவைப் பற்றி நாற்பது வீடியோ பார்க்கிறார்கள். ஆனால் கூடாரத்துக்குள் தலைமாட்டில் கடலை உருண்டையை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். நானும் அப்படித் தூங்கியவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

திருப்பூரிலோ ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ இருந்துகொண்டு, ஆறு மாதத்தில் இந்த நடைக்குத் தயாராக நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக இமாச்சலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கை வைத்துக்கொள்கிறேன். அங்கேதான் 2014ல் உலகப் பாரம்பரியச் சின்னமான மாபெரும் இமயமலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. காஷ்மீரத்து ஏரிகளுக்கோ உத்தராகண்டின் புல்வெளிகளுக்கோ போவதானாலும் முறை ஒன்றுதான்.

முதலில், எந்தக் கரடி?

நம்மூர்க் கரடி தேன்கரடி. கரையான் புற்று, தேன், நாவல், இலந்தை, கொன்றைக்காய் என்று சுற்றும். புலியோடு ஒரே காட்டில் காலங்காலமாக வாழ்ந்ததால் அதற்கு ஓடி ஒளியும் பழக்கம் குறைவு. திடுக்கிட்டால் திருப்பி அடிக்கும். தாளவாடிப் பக்கம் ஒரு சோளகர் பழங்குடிப் பெரியவர் எனக்குச் சொன்னது: "அது கரையானை உறிஞ்சறப்ப அதோட சத்தத்துல அதுக்கே காது கேக்காதுங்க. நாமதான் சத்தங் குடுத்துட்டுப் போகோணும்." வாயைக் குழாய் மாதிரி குவித்து அது உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அவர் சொன்னது புரியும்.

இமயத்தில் இரண்டு வகை. முதலாவது கருங்கரடி. நெஞ்சில் வெள்ளையாகப் பிறைக்கோடு இருக்கும். மரங்கள் இருக்கும் உயரம் வரைக்கும் அதன் ராஜ்ஜியம். கருவாலி (ஓக்) மரக் கொட்டை, காட்டுப் பழம், வயலில் மக்காச்சோளம், தோட்டத்தில் ஆப்பிள் எல்லாம் தின்னும். மரம் ஏறுவதில் கெட்டிக்காரன். இரண்டாவது பழுப்புக் கரடி. இது மரக்கோட்டுக்கு மேலே, மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிகளில் இருக்கும். கிழங்கையும், வளைக்குள் இருக்கும் மர்மோட் எனும் மலை அணிலையும் தோண்டித் தின்னும், சமயத்தில் ஆட்டு மந்தையிலும் கை வைக்கும். உடம்பில் பெரியது, எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதைக் கண்ணால் பார்த்தாலே அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், தூரத்திலிருந்து பார்த்தால்.

இந்த வேறுபாடு எதற்கென்றால், நம்மூர் அறிவில் பாதிதான் அங்கே செல்லும். சத்தம் கொடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது அங்கும் சரி. ஆனால் இங்கே பகல் நடையில் சாப்பாட்டு மூட்டையைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை, மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அங்கே கரடியின் வீட்டில் நாலு ராத்திரி படுக்கிறோம். அப்போது கரடியை நம் பக்கம் இழுப்பது நாம் சுமக்கும் வாசம். அதனால் என் தயாரிப்பில் பாதி அந்த வாசத்தைச் சுற்றியே இருக்கும்.

எப்போது, யாரிடம் கேட்டு

மே கடைசியிலிருந்து ஜூன் முடிய, அப்புறம் செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுவரை. இமாச்சலத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் மழையும் மண்சரிவும். அக்டோபரில் வானம் கண்ணாடி போல இருக்கும், ஆனால் குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடி கொழுப்பேற்றும் காலமும் அதுதான். பகலெல்லாம் தின்னும், பயிருக்கும் பழத்துக்குமாகக் கீழே இறங்கி வரும். முதல் தடவை போகிறவருக்கு நான் ஜூன் மாதத்தைத்தான் சொல்வேன்.

பூங்காவுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். தீர்த்தன் பக்கம் சாய் ரோபா என்ற இடத்தில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அங்கேயே பேசிக்கொள்ளுங்கள். காசு மிச்சம் பிடிக்க நினைக்கும் இடம் இதுவல்ல. எந்தச் சரிவில் இந்த வாரம் கரடி நடமாட்டம் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது, அவர் சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

நம்மூரிலேயே ஒத்திகை பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி தீவிபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குக் கறாரான விதிகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை முறைப்படி திறந்தது. ஆழியாறு, டாப்சிலிப் பக்கம் உள்ளவை நமக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. இணையத்தில் பதிந்து, வழிகாட்டியோடு போய், பகலிலேயே இறங்கிவிட வேண்டும். கூடாரம் போட்டுத் தங்கும் ஒத்திகையைக் காட்டில் செய்ய முடியாது, தோட்டத்தில்தான் செய்ய வேண்டும். அது நல்லதற்கே என்று பின்னால் தெரியும்.

உடம்பு: சென்னிமலைப் படிக்கட்டு போதும்

நாலு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். சென்னிமலையில் 1,320 படிகள். கோவைக்காரர்களுக்கு மருதமலை இருக்கிறது. வாரம் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். முதல் மாதம் வெறுங்கையோடு. இரண்டாம் மாதம் பையில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை வைத்துக்கொண்டு ஏறி, மேலே ஏதாவது செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் கேனோடு இறங்குங்கள், முட்டி தப்பிக்கும். மூன்றாம் மாதம் பத்து லிட்டர், இப்போது இறங்கும்போதும் சுமக்க வேண்டும். இமயத்தில் ஆட்களைப் படுக்க வைப்பது ஏற்றத்தை விட இறக்கம்தான். தொடைச் சதை இறக்கத்துக்குப் பழகியிருக்கவில்லை என்றால் இரண்டாம் நாள் காலையில் கூடாரத்தை விட்டு எழும்போது அம்மா நினைவு வரும்.

பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி திறந்திருக்கும். ஏழு மலையையும் ஒரே மூச்சில் ஏறி இறங்கி, மறுநாள் வேலைக்குப் போக முடிந்தால் நீங்கள் தயார். அங்கே பூண்டியில் வாங்கும் மூங்கில் தடிக்கும் கடையில் விற்கும் மலையேற்றக் கைத்தடிக்கும் வேலை ஒன்றுதான், மடக்க முடியுமா என்பதுதான் வித்தியாசம். நாற்பது வயது தாண்டியவர்கள் எதற்கும் முன்னால் டாக்டரிடம் ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரியிலேயே நெஞ்சு வலித்து இறந்துபோனவர்கள் உண்டு, அது இமயத்தின் பாதி உயரம் கூட இல்லை.

துணியும் பையும்

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு பருத்தி பனியன் வேண்டாம் என்று எழுதுவது கொஞ்சம் துரோகம்தான். ஆனாலும் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயவே காயாது, மலையில் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்பை ஒட்டி பாலியஸ்டர் பனியன், அதுவும் நம்மூரிலேயே தைத்ததுதான் கிடைக்கும். அதன் மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்று மழை தாங்கும் ஜாக்கெட். நின்றால் போட, நடந்தால் கழற்ற ஒரு இறகு ஜாக்கெட். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூவாயிரத்துக்கு மேல் ஜூன் ராத்திரியிலும் பூஜ்யத்துக்குப் பக்கம் போகும். மைனஸ் ஐந்து டிகிரி வரை தாங்கும் தூக்கப்பை வேண்டும். சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமுக்காளமும் வீட்டிலேயே இருக்கட்டும். ஜமுக்காளத்தைச் சுமந்து வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். முதல் முகாமில் அதைக் கழுதைக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

ஐம்பது, அறுபது லிட்டர் பை. மொத்தச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அறுபத்தைந்து கிலோ ஆளுக்குப் பதின்மூன்று கிலோ. வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து ஒரு தாளில் எழுதுங்கள். எழுதும்போதே பாதிச் சாமான் வெட்கப்பட்டு வெளியே போய்விடும்.

சாப்பாடு

இங்கேதான் கொங்கு சமையலறை நமக்குக் கைகொடுக்கிறது, இங்கேதான் காலையும் வாருகிறது.

முதலில் ஒரு கணக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 700 கிராம் உலர் உணவு, மூவாயிரம் கலோரி. ஐந்து நாளைக்கு மூன்றரைக் கிலோ, அவசரத்துக்கு ஒரு நாள் கூடுதலாக. நிலக்கடலை 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. கடலை உருண்டையை விடச் சிறந்த மலையேற்ற உணவை எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பொரிவிளங்காய் உருண்டையும் அப்படித்தான். பல் உள்ளவரை கவலை இல்லை.

அடுத்தது கொதிநிலை. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மூவாயிரம் மீட்டரில் ஏறத்தாழ 90 டிகிரி. துவரம்பருப்பு அதில் எத்தனை நேரம் கொதித்தாலும் கல்லாகத்தான் கிடக்கும். எரிவாயு தீரும், பருப்பு வேகாது. அதனால் நம் அரிசிப் பருப்பு சாதத்தை வீட்டிலேயே குக்கரில் வேகவைத்து, வத்தல் போடுவது போலத் துணியில் மெல்லிசாகப் பரப்பி, ஏப்ரல் வெயிலில் இரண்டு நாள் காயவிடுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு எல்லாம் போடலாம். நெய்யும் எண்ணெயும் மட்டும் வேண்டாம், சிக்குவாடை வந்துவிடும். கையில் எடுத்தால் ஒடிய வேண்டும், அதுதான் பதம். மலையில் கொதிநீர் ஊற்றி மூடி, துண்டால் சுற்றி இருபது நிமிடம் வைத்தால் சாதம் திரும்பி வரும். முதல் தடவை செய்யும்போது வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். நான் பார்க்காமல் போய் மூன்று நாள் உப்பில்லாமல் சாப்பிட்டேன்.

காலைக்கு வறுத்த ராகி மாவோ கம்பு மாவோ, கருப்பட்டித் தூளோடு. அவல் இன்னும் சுலபம். மதியத்துக்கு அடுப்பே பற்றவைக்க வேண்டாம். உருண்டை, பேரீச்சை, பொட்டுக்கடலை என்று நடந்துகொண்டே முடித்துக்கொள்ளலாம்.

இனி, கொண்டு போகக்கூடாதவை. கருவாடு கூடவே கூடாது. அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் நெய் டப்பா, ஊறுகாய், பூண்டுப் பொடி எல்லாம் வேண்டாம். பெருங்காயத்தை வீட்டில் அடுக்களைக்குள் வைத்தாலே திண்ணைக்கு மணக்கும். அப்புறம் தேங்காயெண்ணெய். பொள்ளாச்சிக்காரர் ஒருவரிடம் தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஐந்து நாள் இருக்கச் சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதுவும் சாப்பாட்டு வாசம்தான். தவிர, அந்தக் குளிரில் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும், எடுக்கவும் முடியாது.

வாசத்தை மூட்டை கட்டுவது

நான் சொல்லாமல் விட்ட கடலை உருண்டைக்கு வருகிறேன். என் முதல் நடையில் ஜாக்கெட் பையில் இரண்டு உருண்டையை மறந்து வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் தூங்கினேன். நடுராத்திரியில் கர கர என்று சத்தம். உயிரே போய்விட்டது. விளக்கை அடித்துப் பார்த்தால் எலி. கூடாரத்தில் ஒரு ஓட்டை, ஜாக்கெட்டில் ஒரு ஓட்டை போட்டு, உருண்டையில் பாதியைத் தின்றிருந்தது. எங்கள் வழிகாட்டி காலையில் சிரிக்கவே இல்லை. "எலிக்கு எட்டின வாசம் கரடிக்கு எட்டாதா?" என்று மட்டும் கேட்டார். நாயை விடக் கூர்மையான மூக்கு அதற்கு.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதி: வாசம் உள்ளது எதுவும் நான் படுக்கும் இடத்தில் இருக்காது. சாப்பாடு மட்டுமல்ல. பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு, வெயில் களிம்பு, வலி மருந்துத் தைலம், திருநீற்றுப் பையில் இருக்கும் கற்பூரம், தின்று முடித்த உறை, சமைக்கும்போது போட்டிருந்த சட்டை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில், இறுக மூடும் தடித்த பைகளுக்குள் போட்டு, அதை ஒரு பெரிய நீர்ப்புகாப் பைக்குள் போடுங்கள். அதற்கு 'வாசமூட்டை' என்று எங்கள் குழுவில் பெயர்.

அமெரிக்கக் காட்டுப் பூங்காக்களில் கரடியால் திறக்க முடியாத தடித்த பிளாஸ்டிக் டப்பாவைச் சுமப்பது பல இடங்களில் கட்டாயம். கிடைத்தால் வாங்குங்கள், ஒரு கிலோ எடை கூடும், நிம்மதியும் கூடும். இல்லாவிட்டால் மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து குறைந்தது நாலு மீட்டர் உயரம், அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. கருங்கரடி மரம் ஏறும் என்பதால் அடிமரத்தை ஒட்டித் தொங்கவிட்டால் அதற்கு விருந்து வைத்தது போல. மூட்டையைத் தாங்கவும் வேண்டும், கரடி ஏறினால் தாங்காததாகவும் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட கிளையைத் தேட வேண்டும்.

இதற்குத்தான் தோட்டத்து ஒத்திகை. பதினைந்து மீட்டர் மெல்லிய நைலான் கயிறு, நுனியில் கல்லைப் போட்ட சின்னப் பை. வேப்பமரத்தில் கிளை மேல் எறிந்து பாருங்கள். கேட்க எளிது. என் முதல் நாளில் பதினோரு எறிதல் தோற்றது, பன்னிரண்டாவது பக்கத்து வீட்டு ஓட்டைப் பதம் பார்த்தது. கிணற்றில் வாளி சேந்திப் பழகியவர்களுக்குக் கயிறு கைக்கு அடங்கும், முடிச்சும் வரும். வெளிச்சத்தில் வந்தபிறகு, ராத்திரி நெற்றி விளக்கோடு செய்து பாருங்கள். அப்புறம் உடம்பு அசந்திருக்கும்போது, சென்னிமலை ஏறி இறங்கி வந்த அன்றைக்குச் செய்து பாருங்கள். மலையில் நீங்கள் இருக்கப்போகும் நிலை அதுதான்.

மரக்கோட்டுக்கு மேலே மரமே இருக்காது. அங்கே வாசமூட்டையைக் கடினமான டப்பாவுக்குள் போட்டு, கூடாரத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளிப் பாறை இடுக்கில் செருகி, மேலே கல் அடுக்கி வைப்பதுதான் வழி. கரடிக்கு அந்தக் கல் பெரிதில்லை. வந்தாலும் உங்களிடம் வராமல் அங்கே போகும் என்பதுதான் கணக்கு. மேலே ஒரு அலுமினியத் தட்டை வைத்தால் உருளும் சத்தம் கேட்கும்.

ரயிலில் ஏறுவது

கோவையிலிருந்து வாரம் ஒரு முறை ஓடும் கொங்கு எக்ஸ்பிரஸ் டெல்லி நிஜாமுதீனில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மணாலி போகும் ராத்திரி பஸ்ஸில் ஏறி, ஔட் சுரங்கத்துக்கு முன்னால் இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைனி. எரிவாயு டப்பாவை ரயிலிலும் விமானத்திலும் ஏற்ற முடியாது, டெல்லியிலோ மணாலியிலோதான் வாங்க வேண்டும். கரடிக்கு அடிக்கும் மிளகாய்ச் சாற்றுத் தெளிப்பான் டப்பாவையும் விமானத்தில் விட மாட்டார்கள். எப்படியாவது கிடைத்தாலும், எதிர்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணுக்கே வரும். கையில் எடுத்துப் பழகாத ஆயுதம் வெறும் சுமை என்பது என் எண்ணம். சாட்டிலைட் போனும், சாட்டிலைட் வழியாகச் சேதி அனுப்பும் கருவியும் நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். காஷ்மீரம் போவதானால் நம்மூர் பிரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் பாதை, ஒவ்வொரு ராத்திரியும் தங்கும் இடம், வழிகாட்டியின் எண், எந்த நாள் எந்த மணிக்குள் போன் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். "பாத்துப் போய்ட்டு வா சாமி" என்று சொல்லும் அப்பத்தாளிடம் அல்ல, அதைப் படித்துச் செயல்படுகிற ஒருவரிடம்.

உயரம்

கோவை கடல்மட்டத்திலிருந்து 400 சொச்சம் மீட்டர். ஊட்டி தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். தீர்த்தன் பாதையில் குஷைனியில் தொடங்கி, ரோல்லாவில் ஒரு ராத்திரி, ஷில்ட்டில் இன்னொன்று, அப்புறம் ரக்குண்டி முகட்டில் ஏறத்தாழ 3,600 மீட்டரைத் தொடுவீர்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. மூவாயிரத்தைத் தாண்டிய பிறகு படுக்கும் இடத்தை ஒரு நாளில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். ஷில்ட்டில் இரண்டு ராத்திரி தங்கி, முகட்டுக்கு வெறும் பையோடு போய்த் திரும்புவது புத்திசாலித்தனம்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே நிற்க வேண்டும். நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்க முடியவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால், ராத்திரி ஆனாலும் கீழே இறங்கிவிட வேண்டும். உயரத்தால் வரும் இந்த உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றி டாக்டரைக் கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நடக்கும்போது

நாலு பேராவது சேர்ந்து நடங்கள். ஓடைச் சத்தம், எதிர்க்காற்று, மூங்கில் புதர், திருப்பம் ஆகிய நாலு இடத்திலும் கரடிக்கு உங்கள் வரவு தெரியாது. அங்கெல்லாம் உரக்கப் பேசுங்கள், கை தட்டுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் வள்ளி கும்மிப் பாட்டு பாடிக்கொண்டே வருவார். அவர் குரலுக்குக் கரடி மட்டுமல்ல, நாங்களும் விலகித்தான் நடப்போம். காதில் ஹெட்ஃபோன் வேண்டாம். விடியலுக்கு முன்பும் அந்தி சாய்ந்த பின்பும் நடக்காதீர்கள். தோண்டிப் போட்ட மண், நகம் கீறிய மரப்பட்டை, பழக்கொட்டை நிறைந்த சாணம் கண்ணில் பட்டால் வழிகாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். செத்த ஆடோ மாடோ கிடந்தால் நின்று படம் எடுக்காமல் வந்த வழியே விலகுங்கள்.

மேலே 'கத்தி' (Gaddi) என்ற இனத்து மேய்ப்பர்களின் மந்தைகளைப் பார்ப்பீர்கள். அவர்கள் நாய்களின் கழுத்தில் சிறுத்தைக்குப் பயந்து முள் பட்டை கட்டியிருக்கும். நாய் இருக்கிறதே என்று மந்தையை ஒட்டிக் கூடாரம் போடத் தோன்றும். போடாதீர்கள், கரடி வருவதே அந்த ஆட்டுக்காகத்தான்.

முகாம்

கூடாரம், அடுப்பு, வாசமூட்டை மூன்றும் மூன்று மூலையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே நூறு மீட்டர், அதாவது ஏறத்தாழ நூற்று முப்பது தப்படி. காற்று கூடாரத்திலிருந்து அடுப்பை நோக்கி வீச வேண்டும், எதிர்ப்பக்கமாக அல்ல. மாலை வெளிச்சம் இருக்கும்போதே சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தள்ளிப்போய்க் கொட்டிவிட்டு, சமையல் சட்டையைக் கழற்றி மூட்டையில் போட்ட பிறகுதான் கூடாரத்துக்குள் நுழைய வேண்டும். மிச்சம் வைக்கவே வைக்காதீர்கள். நம் பக்கம் விருந்தாளி இலையில் மிச்சம் இருந்தால் வருத்தப்படுவார்கள் அல்லவா, அந்தப் பழக்கம் இங்கே பயன்படும். குப்பையைப் புதைத்தால் கரடி தோண்டும், பையில் திரும்ப எடுத்து வாருங்கள். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் முதலில் விளக்கு, அப்புறம் ஒரு கனைப்பு, அதன்பிறகு ஜிப்.

எதிரில் வந்துவிட்டால்

தூரத்தில், உங்களைப் பார்க்காத கரடி என்றால் சத்தமில்லாமல் பின்வாங்கிச் சுற்றிப் போங்கள், அல்லது அரை மணி நேரம் காத்திருங்கள்.

உங்களைப் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். குதிரை வேகத்தில் வரும். இறக்கத்தில் கரடியால் ஓட முடியாது என்பது புளுகு. மரத்தில் ஏறுவதும் வீண், கருங்கரடி உங்களை விட நன்றாக ஏறும். எல்லோரும் நெருக்கமாகச் சேர்ந்து நின்று, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசிக்கொண்டு, பக்கவாட்டில் மெல்லப் பின்னால் நகருங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம், பையைக் கழற்றவும் வேண்டாம். சாப்பாட்டை எறிந்து சமாதானம் பேசாதீர்கள். அடுத்து வருகிறவரிடம் அது கேட்டு வாங்கப் பழகும். குட்டி தனியாக நின்றால் தாய் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கலாம் என்று நினைத்து, வந்த வழியே போய்விடுங்கள். பின்னங்காலில் எழுந்து நின்றால் அது பெரும்பாலும் தாக்க அல்ல, மோப்பம் பிடிக்க. பாய்ந்து வந்து பாதியில் நிற்பதும் உண்டு. அந்தச் சில நொடிகள் அசையாமல் நிற்பதுதான் கடினம்.

மேலே விழுந்தே விட்டால், குப்புறப் படுத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்து, முழங்கையால் முகத்தின் பக்கங்களை மூடி, காலை அகட்டி வையுங்கள். முதுகுப்பை உங்கள் கேடயம். கருங்கரடியும் நம்மூர்த் தேன்கரடியும் முகத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். மூச்சை அடக்கிப் படுத்திருந்தால் கரடி முகர்ந்துவிட்டுப் போய்விடும் என்று சின்ன வயதில் கேட்ட கதையில் பாதி உண்மை. தன்னையோ குட்டியையோ காக்கத்தான் அது அடிக்கிறது, நீங்கள் அசையாவிட்டால் பெரும்பாலும் விலகும். பொய்யான பாதி, கதையில் வருபவன் மல்லாந்து படுத்திருப்பதாகப் படம் போட்டிருப்பார்கள். அது விலகிப் போன பிறகும் சில நிமிடம் எழாதீர்கள். ராத்திரியில் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தால் மட்டும் இந்தக் கணக்கு வேறு. அது உணவைத் தேடி வந்தது, அப்போது கூச்சல் போட்டு, பாத்திரத்தைத் தட்டி, கையில் கிடைத்ததால் மூக்கில் அடித்து எதிர்க்க வேண்டும்.

மருந்துப் பையில் வழக்கமானவற்றோடு அகலமான அழுத்துக் கட்டுத்துணி இரண்டு, கிருமி நீக்கிய காஸ் துணி ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். காயத்தை முடிந்தவரை சீக்கிரம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, இறங்கியதும் ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி, டெட்டனஸ் ஊசி பற்றி மறக்காமல் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, எல்லாம் கட்டி முடித்த பிறகு, ஜாக்கெட்டின் எல்லாப் பைகளிலும் ஒரு முறை கை விட்டுப் பாருங்கள். போன மாதம்கூட எனக்கு ஒரு கடலை உருண்டை கிடைத்தது.